அப்பா திருத்தவிடாத விளக்கு

“அது பேய் புடிச்ச வயர் புள்ள. எத்தின பேரு பாத்துட்டாங்க. கொலேஜ்ல படிச்சா மட்டும் ஒனக்குப் புடிபட்டுருமா?”

மடவளையில் மோட்டார் சைக்கிள் கராஜ் வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன் என்னிடம் இப்படிக் கேட்டார். அப்பா எங்களை விட்டுப் பிரிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அவருடைய பழைய மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் நானாவின் வாசலில் நிறுத்தியிருந்தேன். அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. அப்பாவின் முதலாண்டு நினைவுக்காக வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அந்தப் பதிலையே இங்கே எழுதுகிறேன்.

அப்பா தெல்தெனியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் போகவில்லை. தம்பியை, அதாவது எங்கள் சித்தப்பாவை, கையில் பிடித்துக்கொண்டு கண்டிக்குப் பக்கத்திலுள்ள கட்டுகஸ்தோட்டைக்கு இறங்கி வந்து ஒரு பலசரக்குக் கடையில் மூட்டை தூக்கினார். எழுதத் தெரியாது. ஆனால் தெல்தெனியவரை உள்ள கடைக்காரர்கள் சொல்லும் சாமான்களை எல்லாம் மனதில் வைத்துக்கொண்டு வந்து ஒன்று தவறாமல் ஒப்புவிப்பார். நான் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னியல் படிக்க இடம் பெற்றபோது, “எம் மக கரண்டு படிக்குது” என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார். “வீட்டுல மண்ணெண்ண குப்பி லாம்பு, மக கரண்டு படிக்குதாம்” என்று அயலவர் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதை எழுதும்போது எனக்கு இன்றும் நெஞ்சு நிமிர்கிறது.

மோட்டார் சைக்கிள் சித்தப்பாவுடையது. தோட்டத்தை விட்டுப் போன துரையிடமிருந்து ஆசைப்பட்டு வாங்கிய இங்கிலாந்து வண்டி. எண்பத்து மூன்றாம் ஆண்டு தமிழர்மேல் நடந்த ஆடிக் கலவரத்தில் நாங்கள் இருந்த தெருவுக்கு நெருப்பு வந்தபோது, சித்தப்பா அந்த வண்டியை அப்பாவிடம் கொடுத்தார். நடுவில் நான், பின்னால் அம்மா. நான்காவது ஆளுக்கு இடமில்லை.

“நீங்க போங்கண்ணே. நான் பின்னால வர்றேன்” என்றார்.

மடவளையில் ஒரு முஸ்லிம் குடும்பத்தார் எங்களைத் தங்கள் வீட்டு உள்ளறையில் ஒளித்து வைத்துக் காத்தார்கள். சித்தப்பா வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை.

வந்தது விளக்குத்தான். நாங்கள் கட்டுகஸ்தோட்டைக்குத் திரும்பி வந்து சில வருடங்கள் கழிந்தபின், ஒரு மாலையில், கொட்டகையில் நிறுத்தியிருந்த வண்டியின் முன்விளக்கு தானாக எரிந்தது. சுவிட்ச் அணைத்தே இருந்தது. அப்பா வெளியே ஓடிப்போய், “வந்துட்டியா?” என்று கேட்டார். அதன் பிறகு சில நாட்கள் எரியும், பல நாட்கள் எரியாது. எரியும் போதெல்லாம் அம்மா வாசலில் நின்று, “சாப்பிட்டியாப்பா?” என்பார். வெளிச்சம் மஞ்சளாகி, சிவந்து, பற்றரி இறங்கி அணையும்வரை அப்பா அதைத் தொடமாட்டார்.

அதனால் சித்தப்பாவின் படத்துக்கு எங்கள் வீட்டில் மாலை போடவில்லை. அவருக்குத் திதி கொடுக்கவில்லை. அவர் காணாமற்போனது பற்றி எங்கும் முறைப்பாடும் செய்யவில்லை. நான் கேட்டபோது அப்பா, “வர்றவன எப்படிப் புள்ள காணோம்னு எழுதிக் குடுக்கிறது?” என்றார்.

போர்க்காலத்தில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் இராணுவச் சோதனைச் சாவடி வந்தது. அங்கே வண்டிகள் விளக்கை அணைத்துவிட்டு, வீதியின் குறுக்கே வைத்த பீப்பாய்களுக்கிடையே வளைந்து மெதுவாக வர வேண்டும். ஒரு மாலை அப்பா விளக்கை அணைத்துத்தான் போனார். முதல் பீப்பாயில் திரும்பியதும் அது தானாக எரிந்து காவலுக்கு நின்ற சிப்பாயின் முகத்தில் அடித்தது. அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது அவருக்கு ஒரு காது கேட்கவில்லை.

“தம்பிதான். என்னமோ சொல்ல வந்திருக்கான்” என்றார்.

“ஒங்களுக்கு அடி வாங்கிக் குடுக்கவா வந்தாரு?” என்று அம்மா அழுதுகொண்டே கேட்டார்.

அதன் பின் அப்பா அந்தச் சாவடியில் இறங்கி, வண்டியை உருட்டிக்கொண்டே கடந்தார். ஆனால் வந்து பார்த்த மெக்கானிக் ஒருவரையும் வயரில் கைவைக்க விடவில்லை. படிப்பு முடியும் தறுவாயில் இருந்த என்னையும் விடவில்லை.

அப்பா போன பிறகுதான் நான் வண்டியின் வயரைத் தொட்டேன். இந்தப் பழைய இங்கிலாந்து வண்டிகளில் பற்றரியின் பொசிட்டிவ் முனை வண்டியின் உடம்போடு சேரும். இக்காலத்து வண்டிகளில் நெகட்டிவ் சேரும். யாராவது மாற்றி இணைத்திருப்பார்களோ என்று முதலில் பார்த்தேன். சரியாகவே இருந்தது. சுவிட்சைக் கழற்றித் துடைத்துச் சோதித்தேன். பழுதில்லை. பல்பும் நல்லது. மீட்டரை விளக்கு வயரில் வைத்தபடி ஹேண்டிலைத் திருப்பினேன். வலது பக்கம் ஒன்றுமில்லை. இடது பக்கம் முழுவதும் ஒடித்தபோது முள் துள்ளியது.

வயர்கள் வளையும் ஹேண்டிலின் கழுத்தில்தான் ஒரு மஞ்சள் கயிறு இருந்தது. சித்தப்பா வராமற்போன வருடத்திலிருந்து ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அப்பா ஒரு கயிறு கட்டுவார், பழையதை அவிழ்க்கமாட்டார். ஒன்றன்மேல் ஒன்றாக இறுகி அது ஒரு தடித்த முடிச்சாகியிருந்தது. கராஜ் நானாவும், “சாமிக் கயிறு புள்ள, நான் கை வைக்க மாட்டன்” என்று ஒதுங்கியது அந்த இடத்தில்தான்.

“வெட்டாத. அவரு கட்டினது” என்றார் அம்மா.

“வெட்டல்லம்மா. அவிழ்க்கிறேன்.”

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிச் சுற்றும் வந்தபோது வயரின் துணியுறை பொடியாக உதிர்ந்தது. பற்றரியிலிருந்து வரும் வயரும் விளக்குக்குப் போகும் வயரும் இறுகி உரசி, செம்பு வெளியே தெரிந்தது. ஹேண்டில் இடது பக்கம் முழுவதும் திரும்பினால் இரண்டும் தொடும். அப்படி நிறுத்திய நாட்களில்தான் விளக்கு எரிந்திருக்கிறது, சாவடியில் வளைந்தபோதும் அப்படித்தான். வண்டியைக் காக்கக் கட்டிய கயிறே அதைச் செய்திருந்தது.

நான் விளக்கிச் சொன்னேன். அம்மா அந்தச் செம்பை விரலால் தொட்டார்.

“அப்ப, அந்தப் புள்ள வரவே இல்லியா?”

எனக்கு அப்போது அப்பாவின் கடைசி நாட்கள் நினைவுக்கு வந்தன. கண்டி ஆஸ்பத்திரியில், மூச்சு வாங்கும்போதும் என்னிடம், “வண்டிய மறக்காம ஹேண்டில இடது பக்கம் ஒடிச்சு நிப்பாட்டு” என்று சொல்லியிருந்தார். வண்டிமேல் உள்ள அக்கறை என்றே நினைத்தேன். அவருக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்துகொண்டேதான் வாசலுக்குப் போய், “வந்துட்டியா?” என்று கேட்டாரா? இன்றுவரை அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அம்மாவிடம் நான் அதைக் கேட்கவில்லை. உறவினர்களாகிய நீங்களும் இதை வாசித்துத்தான் அறிவீர்கள்.

முன்னிருந்து பின்வரை எல்லா வயரையும் புதிதாக இழுத்தேன். கழுத்தில் வயர் தாராளமாக வளைய இடம் விட்டு, ரப்பர் குழாய்க்குள் செலுத்தினேன். மஞ்சள் கயிற்றை, வயர் படாத இடத்தில், ஹேண்டிலில் அம்மாவே கட்டினார்.

கலவரத்தில் எங்களைக் காத்த மடவளைக் குடும்பத்தாரை எங்கள் உயிர் உள்ளவரை மறக்கமாட்டோம். அப்பாவைக் கடைசிவரை முகம் சுளிக்காமல் பார்த்த ஆஸ்பத்திரித் தாதிமாரை வணங்குகிறோம். அப்பாவைத் தோளில் சுமந்த அயலவர்களுக்கும், பொருத்தமான வயரைத் தேடித் தந்து, “நான் சொன்னத மனசுல வச்சிக்காத புள்ள” என்ற கராஜ் நானாவுக்கும் எங்கள் நன்றி.

சென்ற வாரம் அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, காணாமற்போனோர் பற்றிய முறைப்பாடுகளை ஏற்கும் கண்டி அலுவலகத்துக்குப் போனேன். சித்தப்பாவின் பெயரைக் கொடுத்தோம்.

“இவ்வளவு காலமும் ஏன் வரல்ல?” என்று அங்கிருந்த ஐயா கேட்டார்.

“அவரு வந்துக்கிட்டு இருந்தாருங்க. இப்பத்தான் நின்னுட்டாரு” என்றார் அம்மா.

திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பாலத்தடியில் சாவடி இன்னும் இருந்தது, விளக்கை அணைத்தேன். பீப்பாய்களுக்கிடையே ஹேண்டிலை இடது பக்கம் முழுவதும் ஒடித்தேன். என் தோளில் இருந்த அம்மாவின் கை இறுகியது. விளக்கு எரியவில்லை.