நான்காவது பெயர்

யாங்கோன் நகரத்தை ஒட்டிய தாகேதாவில் எங்களுடையது பலகை வீடு. முன்னறையில் யார் என்ன பேசினாலும் அடுப்படியில் கேட்கும். அதனால் தொண்ணூறுகள் முழுக்க, அமெரிக்க நாட்டுப்புறப் பாணியான கன்ட்ரி பாட்டில் உலகத்திலேயே பெரிய பாடகர் யார் என்ற ஞாயிற்றுக்கிழமைச் சண்டையை ஒரு வார்த்தை விடாமல் கேட்கும்படி ஆயிற்று.

சண்டை போட்டவர்கள் மூன்று பேர். என் கணவர் துறைமுகத்தில் குமாஸ்தா. அவருடைய பள்ளித் தோழர் நகரத்தில் குடைக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். மூன்றாமவர் கல்யாண வீடுகளில் கிதார் வாசிக்கும் பர்மியர். என் கணவருக்குக் கனத்த குரலில் பாடும் ஓர் அமெரிக்கர்தான் எல்லாம். அண்ணனுக்கு, மூக்கடைத்தது போலப் பாடும் வேறோர் அமெரிக்கர். கிதார்காரருக்கோ, அதே மெட்டுகளை எடுத்துப் பர்மிய வார்த்தைகளைப் போட்டுப் பாடிய எங்கள் ஊர்ப் பாடகர். கேட்கிறவனுக்குப் புரியும்படி பாடியவன்தானே பெரியவன் என்பார். மெட்டு யாருடையது என்று மற்ற இருவரும் அவர் மேல் பாய்வார்கள். நான் நூடுல்ஸில் அத்தோ பிசைந்து கொண்டுபோய் வைப்பேன். தின்று முடித்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

எனக்கும் ஒருத்தி இருந்தாள். கல்யாணத்துக்கு முன்பு என் கைக்காசில் வாங்கிய ஒரே கேசட் அவளுடையது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் புரிந்துகொண்டு கேட்டேன். இவர்கள் கொண்டாடிய பாட்டுகளில் ரயில் வரும், சிறை வரும், சாராயம் வரும். ஆண்கள் வீட்டை விட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். அந்த வீட்டில் மிச்சம் இருந்தவள் என்ன ஆனாள் என்று இவள்தான் பாடினாள்.

ஒரு மழைக்கால ஞாயிறு, ஓட்டுப் போட்டு முடிவு செய்துவிடலாம் என்றார்கள். ஆளுக்கொரு ஓட்டு, ஆளுக்கொரு பாடகர். முடிவு எங்கே வரும்? கிதார்காரர்தான் என்னைக் கூப்பிடச் சொன்னார். கையைத் துடைத்துக்கொண்டு போய் நின்றேன். என்னைக் கேட்கிறார்களே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். என் பாடகியின் பெயரைச் சொன்னேன்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இந்த மூணு பேர்ல ஒருத்தரைச் சொல்லு," என்றார் என் கணவர்.

"மூணு பேரும் வேணாம். பெரிய ஆளு யாருன்னுதானே கேட்டீங்க?"

"அது பொம்பளைங்க கேக்குற பாட்டு தங்கச்சி," என்றார் அண்ணன், சமாதானமாக. "நாங்க பேசுறது வேற."

வேறு என்ன என்று அவர் சொல்லவில்லை. நானும் விடவில்லை. ஒரே ஒரு பாட்டைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள் என்று உள்ளே போய், பீரோவின் அடித்தட்டில் இருந்த என் கேசட்டை எடுத்து வந்தேன். கரண்ட் இல்லை. பேட்டரியை வீணாக்காதே என்று கணவர் சொல்லச் சொல்லப் போட்டேன். அவள் குரல் வந்தது. கிதார்காரர் தலையைச் சாய்த்துக் கேட்கத் தொடங்கினார். முதல் பாட்டு பாதிகூடத் தாண்டவில்லை, டக்கென்று ஒரு சத்தம், அதன் பின்னால் என் கணவருடைய ஆளின் கனத்த குரல். திருப்பிப் போட்டேன். அந்தப் பக்கம் முழுக்க அவரேதான்.

அண்ணன் சிரித்துவிட்டார். என் கணவர் சிரிக்கவில்லை. வேறு கேசட் கையில் இல்லாதபோது எதையோ எடுத்துப் பதிந்துவிட்டேன், உன்னுடையது என்று பார்க்கவில்லை என்றார். பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. கேசட்டின் மேல் என் பெயரை எழுதி வைத்திருந்தேன்.

வேறொன்று வாங்கித் தருவதாகச் சொன்னார். கடைகளில் கிடைக்கவில்லை என்றும் பிறகு சொன்னார். எத்தனை கடையில் கேட்டார் என்று நான் விசாரிக்கவில்லை.

சில வருடங்கள் கழித்து யாங்கோனில் எஃப்எம் வந்தது. நேயர்கள் தொலைபேசியில் பாட்டுக் கேட்கும் நிகழ்ச்சி ஒன்றில், கன்ட்ரி பாட்டுக்கென்று ஒரு வாரம் ஒதுக்கினார்கள். வீட்டில் போன் கிடையாது. தெருமுனையில் மேசை போட்டு போன் வைத்திருந்த பெண்ணிடம் போய் உட்கார்ந்து எண்ணைச் சுற்றினேன். எப்போதும் லைன் கிடைக்காது. ஒரு மத்தியானம் கிடைத்தது. அறிவிப்பாளர் மரியாதையாகப் பேசினார். என் பாடகியின் பெயரை இரண்டு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, அவருடைய பாட்டு எங்களிடம் இல்லை அக்கா, வேறு யாராவது, என்று கேட்டு அவரே இரண்டு பெயர் சொன்னார். ஒன்று என் கணவருடைய ஆள். போனை வைத்துவிட்டேன்.

அதை அண்ணன் கடை ரேடியோவில் கேட்டிருக்கிறார். அடுத்த ஞாயிறு வந்ததும் வராததுமாக, "அந்தப் பொம்பளை அப்படி என்னதான் பாடியிருக்கு, சொல்லு தங்கச்சி," என்றார். முதல் தடவையாக அந்த அறையில் நாற்காலியில் உட்கார்ந்தேன். சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது, வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது, ஆனால் அது பக்கத்து வீட்டுக்காரன் என்று ஒரு பாட்டை விளக்க ஆரம்பித்தேன். கிதார்காரர், இது எங்கள் பாடகருடைய ஒரு பாட்டு மாதிரியே இருக்கிறதே என்று கிதாரை எடுத்தார். மெட்டு யாருடையது என்று என் கணவர் தொடங்கினார். அண்ணனும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

அதற்குப் பிறகு ஞாயிறுகளில் ஊரைச் சுற்றிவரும் ரயிலில் ஏறி இன்சீனில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடுவேன். அத்தோவைக் கடையில் வாங்கிக்கொண்டார்கள்.

பின்னால் அண்ணன் கடையை விற்றுவிட்டு மகனோடு மலேசியா போனார். கிதார்காரருக்குக் கை நடுங்கத் தொடங்கி வெளியே வருவது நின்றது. ஒரு ஞாயிறு நான் கிளம்பும்போது என் கணவர் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"நீ சொல்லு. உன் ஆளு எப்படிப் பெரிய ஆளு? இன்னைக்குப் பேசிடுவோம்," என்றார்.

அவருக்குச் சண்டை போட ஆள் வேண்டியிருந்தது.

"உங்க ஆளுதான் பெரிய ஆளு. விடுங்க," என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. நான் குடையை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போனேன். வழியெல்லாம் எனக்கு அவர் மேல் கோபம், என் மேலும் கோபம். நான் சொன்னது உண்மையில்லை. அவள்தான் பெரியவள்.