கதவுக்குப் பின்னால் தொங்கிய சட்டை

கீழ்வீட்டுப் பையன் நேற்று மாடிக்கு வந்தான். மதுரை ஒத்தக்கடையில் எங்கள் காலனியே புதுசு. அவன் வேலை அதைவிடப் புதுசு. "அண்ணே, தூத்துக்குடியில போஸ்டிங் போட்டுட்டாய்ங்க. நீங்க அங்க இருந்தீகளாமே, ஊரு எப்டிண்ணே?" என்றான். எனக்குக் கேட்கவா வேண்டும்? நாற்காலியை இழுத்துப் போட்டு ஆரம்பித்துவிட்டேன்.

மாட்டுத்தாவணியில் ஏறி அருப்புக்கோட்டை, எட்டயபுரமெல்லாம் தாண்டினால் கரிசல் வெளுக்கத் தொடங்கும். சாலையோரம் வெள்ளைக் குவியல்கள் தெரிந்தால் ஊர் வந்துவிட்டது. எல்லாம் உப்பு. ஒரே தெருவில் நடந்துகொண்டிருக்கும்போதே மாதா கோயில் மணி கேட்கும், பாங்கு கேட்கும், சிவன் கோயில் பக்கமிருந்து பூ வாசம் வரும். பரதவர் வீடுகள், மரைக்காயர் வீடுகள், சாக்கு மூட்டை வாசனையோடு மொத்த வியாபாரக் கடைகள், கப்பலிலிருந்து இறங்கி சிம் கார்டு கடையைத் தேடும் பிலிப்பைன்ஸ் மாலுமிகள். பெரிய கப்பல்களுக்குப் புதுத் துறைமுகம். மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கலும் ஏற்றிப் போகும் மரத் தோணிகளுக்குப் பழைய துறைமுகம். சாயங்காலம் பொரிச்ச பரோட்டா, ஊருக்கு வரும்போது முந்திரி மக்ரூன். பையன் மக்ரூனில் மட்டும் தலையாட்டினான்.

நான் போய் இறங்கிய அன்று நேராகக் கடலைப் பார்க்கத்தான் ஓடினேன். வைகையில் தண்ணீர் வந்தாலே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற செல்லூர்க்காரன். பார்த்தால் அலையே இல்லை. தெப்பக்குளம் மாதிரி சும்மா கிடக்கிறது. "இம்புட்டுத்தானா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வலையை உதறினார்.

அலை இல்லாவிட்டாலும் அந்தக் கடல் வீட்டுக்குள் இருந்தது. உப்புக்காற்றில் துணி காயவே காயாது. காய்ந்ததுபோல் இருக்கும், போட்டால் முதுகோடு பிசுபிசுவென்று ஒட்டும். உப்பு ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் எனக்குக் குமாஸ்தா வேலை. குடியிருந்தது லூர்து அக்கா வீட்டு மாடியில். அக்காவின் புருஷன் சேவியர் அண்ணன் தோணியில் போகிறவர். மூன்று வாரம் கடல், ஒரு வாரம் கரை. கரையில் இருக்கும் வாரம் வீடு முழுக்க அவர் சிரிப்புச் சத்தம்தான்.

அந்த வீட்டில் ஒரு பழக்கம். அண்ணன் கடலுக்குப் போகும்போது அவிழ்த்துப்போட்ட சட்டையை, அவர் திரும்பி வரும்வரை அக்கா துவைக்க மாட்டாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் அப்படியே தொங்கும். அவர் வந்து குளித்த பிறகுதான் அது தண்ணீரைப் பார்க்கும். எனக்கு அது தெரியும். மதுரையிலிருந்து என்னைப் பார்க்க வந்திருந்த என் அம்மாவுக்குத் தெரியாது.

அம்மா வந்த சமயம் காற்று சரியில்லை. மாலத்தீவிலிருந்து திரும்ப வேண்டிய தோணியைப் பற்றித் தகவலே இல்லை. அக்கா விடிந்ததும் துறைமுகத்துக்கு ஓடிவிட்டாள். நான் அலுவலகத்தில் இருந்தேன். தெருப் பெண்கள் வாசலில் கூடி அழுததை அம்மா பார்த்திருக்கிறாள். எங்கள் பக்கம் ஒரு வீட்டில் சாவு அழுகை கேட்டால் அடுத்த வேலை என்ன? வீட்டிலுள்ள துணியையெல்லாம் அள்ளி நனைத்துப் போடுவதுதான். துக்கத்தில் இருப்பவளை அந்த வேலை செய்ய விடக்கூடாது, பக்கத்தில் இருக்கிறவர்கள் செய்ய வேண்டும். அம்மா கீழே இறங்கிப் போய், கொடியில் கிடந்தது, மூலையில் கிடந்தது, ஆணியில் தொங்கியது எல்லாவற்றையும் சோப்புப் போட்டு ஊறவைத்துவிட்டாள். பாசத்தில்தான் செய்தாள்.

மத்தியானம் நானும் அக்காவும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்தோம். அக்கா முதலில் கதவைப் பார்த்தாள். பிறகு வாளியை.

"யாரு செத்துட்டாவன்னு தொவச்சிய?"

அம்மா ஈரக்கையோடு எழுந்து நின்றாள். "தாயி, நான் ஒனக்கு ஒத்தாசையா…" என்று இழுத்தாள். அக்கா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. சட்டையை வாளியிலிருந்து எடுத்து, பிழியாமல், மூக்கில் வைத்துப் பார்த்தாள். நுரை சொட்டச் சொட்ட அதே ஆணியில் கொண்டுபோய் மாட்டினாள். தரையெல்லாம் சோப்புத் தண்ணீர். எனக்கு அம்மாவைப் பார்க்கவும் முடியவில்லை, அக்காவைப் பார்க்கவும் முடியவில்லை.

தோணி வரவில்லை. அண்ணன் வரவில்லை. அம்மா மதுரைக்குப் போனபிறகு ஒவ்வொரு போனிலும், நான் சாப்பிட்டேனா என்று கேட்பதற்கு முன்னால், "அந்தத் தம்பி வந்துருச்சாடா?" என்பாள். தான் நனைத்ததால்தான் போய்விட்டார் என்று அவளுக்குள் விழுந்துவிட்டது. அப்படியெல்லாம் இல்லை என்று எத்தனையோ விதமாகச் சொன்னேன். நான் சொல்லி என்ன?

ஒரு வருஷம் கழித்து, மாதா கோயில் சாமியார் பலமுறை வந்து பேசியபிறகு, அக்கா அடக்கத்துக்குச் சம்மதித்தாள். உடல் கிடைக்காதவருக்கு உடுப்பைப் பெட்டியில் வைத்துப் புதைப்பார்கள். யார் தடுத்தும் கேட்காமல் அம்மா பஸ் ஏறி வந்துவிட்டாள். வந்தவள் கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். அக்காதான் அவளைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"உங்க மேல கோவம் இல்லம்மா. அவிய வாசம் எப்படி இருக்கும்னு யோசிச்சா சோப்பு வாசந்தான் வருது. அதான் தாங்க முடியல" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா தன் உள்ளங்கைகளை முகர்ந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.

பிறகு ஒருமுறை போனபோது அந்த வீட்டை இடித்துக் கடைகள் கட்டியிருந்தார்கள். அக்கா வெளியூர் போய்விட்டாள் என்றார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. இதையெல்லாம் கீழ்வீட்டுப் பையனிடம் சொல்லவில்லை. முதல் வேலைக்குப் போகிறவனிடம் எதற்கு?

போன வருஷம் அம்மா போய்விட்டாள். மயானத்திலிருந்து நான் திரும்பியபோது சித்தி கொல்லையில் எல்லாவற்றையும் நனைத்து முடித்திருந்தாள். சேலைகள், தலையணை உறை, முகம் துடைக்கும் துண்டு. நான் குளிக்காமல் அந்த வாளிகளுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். "என்னடா, வழக்கந்தானே. எந்திரி" என்றாள் சித்தி. வழக்கம்தான். அவளும் பாசத்தில்தான் செய்தாள்.

அம்மாவின் வாசம் எனக்கு நன்றாகத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். விபூதி, வெற்றிலை என்று இப்போதும் சொல்லிவிடலாம். ஆனால் அது கடையிலும் கிடைக்கும். அது அம்மா இல்லை.