டொக்டர் சொல்லாத வசனம்

போன கிழமை, இளம் மொழிபெயர்ப்பாளர்களுக்கான பயிற்சி வகுப்பொன்றில் பேசக் கூப்பிட்டார்கள். "இந்த வேலைக்கு முக்கியமானது என்ன, டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. "சொன்னதைச் சொன்னபடி சொல்வது" என்றேன். எல்லோரும் கவனமாக எழுதிக்கொண்டார்கள்.

வாராவாரம் என்னைப் பொறுத்துக்கொள்கிற உங்களிடம் மறைப்பானேன்? என் முதல் மொழிபெயர்ப்பு வேலையிலேயே நான் பொய் சொன்னவள்.

சுனாமி வந்து இரண்டு வருடம் கழிந்த நேரம். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் சண்டை. கொக்கட்டிச்சோலை, வவுணதீவுச் சனமெல்லாம் உடுத்த உடுப்போடு மட்டக்களப்புப் பக்கம் வந்து சேர்ந்தது. நான் ஆங்கிலம் படிப்பித்த பள்ளிக்கூடம் முகாமாகியது. என் எட்டாம் வகுப்பில் பதினொரு குடும்பம். வகுப்பில்லாத டீச்சர் என்ன செய்வாள்? கொழும்பிலிருந்து வந்த ஓர் ஆராய்ச்சியாளருக்கு மொழிபெயர்க்கப் போனேன்.

டொக்டர் நிலந்தி. தமிழ் தெரியாது. நல்ல மனுசி, கதிரை கொடுத்தாலும் பாயில்தான் உட்காருவார். பிள்ளைகள் ஏன் குறைமாதத்தில் பிறக்கின்றன என்பது அவருடைய ஆராய்ச்சி. கையில் நாற்பத்திரண்டு கேள்விகள் — கொழும்பில் ஏசி அறையில் தயாரானவை. "கர்ப்பகாலத்தில் நடைப்பயிற்சி செய்தீர்களா?" என்று ஒன்று. ஷெல்லடிக்குள்ளால் ஒரு பகல் முழுக்க நடந்து வந்தவர்களிடம் நான் அதைக் கேட்கவேண்டும்! "ஓம், நடந்த நாங்க" என்றார்கள். 'ஆம்' என்ற கட்டத்தில் சரி போட்டேன்.

மூன்றாம் நாள் பரமேஸ்வரியிடம் போனோம். இருபத்துநாலு வயது. கல்லடியில் இருந்த வீட்டைக் கடல் கொண்டுபோனதும், இனிக் கடலே வேண்டாம் என்று புருஷனின் ஊரான கொக்கட்டிச்சோலைக்குப் போனவள். அங்கே ஷெல். ஏழு மாத வயிற்றோடு ஓடினாள். முகாமுக்கு வந்த மூன்றாம் நாள் மகன் பிறந்தான். ஒன்றரைக் கிலோ. ஆஸ்பத்திரியில் சில கிழமை வைத்திருந்து, சூடு படட்டும் என்று பிள்ளையை அவள் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி அனுப்பியிருந்தார்கள். சேலைக்கு மேலே ஒரு சின்னத் தொப்பி மட்டும் தெரிந்தது.

"கர்ப்பகாலத்தில் மன அழுத்தம் தரும் சம்பவம் ஏதும் நடந்ததா?"

"அப்படி ஒண்டும் இல்ல, டீச்சர்."

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். 'இல்லை'யில் சரி போட்டேன்.

கடைசிக் கேள்வி, மரியாதைக்கு வைத்தது: நீங்கள் ஏதும் கேட்க விரும்புகிறீர்களா? யாரும் கேட்பதில்லை. பரமேஸ்வரி கேட்டாள்.

"நான் ஓடினதாலதானா இவன் நேரத்துக்கு முந்தி வந்தவன்? மாமி அப்படித்தான் சொல்றாங்க. மெல்ல நடந்திருக்கலாமாம். நடந்ததெல்லாம் சொன்னா நீங்களும் என்ட பிழை எண்டு எழுதிருவீங்க எண்டுதான் ஒண்டும் இல்ல எண்டன். டொக்டர்ட கேட்டுச் சொல்லுங்க டீச்சர்."

கேட்டேன். டொக்டர் யோசித்து, நிதானமாகப் பதில் சொன்னார். காரணங்கள் பல, ஒரு தனிப்பெண்ணின் விஷயத்தில் இதுதான் என்றோ, இதில்லை என்றோ உறுதியாகச் சொல்லமுடியாது, அதை அறியத்தான் இந்த ஆராய்ச்சி... நேர்மையான பதில். ஒரு எழுத்துப் பிழையில்லை.

நான் பரமேஸ்வரியிடம் திரும்பினேன். "இல்லையாம். நீ ஓடினதால இல்லையாம். உன்ட பிழை இல்ல எண்டு டொக்டர் உறுதியாச் சொல்றா."

அவள் அழுத அழுகையில் அந்தத் தொப்பி நனைந்தது. பிறகு வகுப்பின் மறுமூலையைப் பார்த்துக் கத்தினாள்: "மாமி! கேட்டீங்களா? டொக்டரே சொல்லிட்டா!"

டொக்டர் என்ன, விளங்காதவரா? வாகனத்தில் ஏறியதும் கேட்டார்: "நான் அவ்வளவு சொன்னேன். நீங்கள் இவ்வளவுதான் சொன்னீர்கள். தமிழ் அவ்வளவு சிக்கனமான மொழியா?"

ஒப்புக்கொண்டேன். அவருக்குக் கோபம் வந்தது. "சொல்லாததை என் பெயரில் சொல்லிவிட்டீர்கள். இனி இந்த முகாமில் கிடைக்கிற எந்தப் பதிலையும் நம்பமுடியாது." பரமேஸ்வரியின் படிவத்தில் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. அவர் சொன்னதும் நியாயம்தான். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

மறுநாள் காலை, பரமேஸ்வரியிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு வரலாம் என்று இருவரும் போனோம். விறாந்தை நிறையப் பெண்கள். எங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல வந்தவர்கள் இல்லை, கேட்க வந்தவர்கள். முன்னால் நின்றவளுக்குச் சுனாமிக்கு அடுத்தநாள் ஆறாம் மாதத்தில் பிள்ளை பிறந்து, அன்றே போய்விட்டது. "தண்ணி வரக்குள்ள மரத்தில ஏறின நான். அதாலயா, டொக்டர்?"

இம்முறை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன்.

டொக்டர் என் பக்கம் திரும்பினார். "நேற்று நீங்கள் சொன்ன அந்த வசனம்... தமிழில் எப்படி?" என்று என்னிடம் கேட்டார். சொல்லிக்கொடுத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தடுக்கித் தடுக்கி, அவரே சொன்னார்: "உங்கட... பிழை... இல்ல."

அன்று பகல்வரை அவர் பேசிய தமிழ் அவ்வளவுதான். ஆளாளுக்கு ஒரு தடவை. ஒரு படிவமும் நிரப்பவில்லை.

ஆராய்ச்சி வேறு முகாம்களில் நடந்து முடிந்தது. கட்டுரை வெளியானதும் எனக்கொரு பிரதி அனுப்பியிருந்தார். முடிவுரை: 'இதுபற்றி மேலும் ஆராயவேண்டும்.' எங்கள் முகாமின் பெயர் எங்கும் இல்லை. விஞ்ஞானத்தைப் பொறுத்தவரை அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒன்றுமே நடக்கவில்லை.

பரமேஸ்வரியின் மகன் வளர்ந்து இப்போது மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறான். மாமியார் குற்றச்சாட்டை வாபஸ் வாங்கவில்லை, ஆளை மட்டும் மாற்றியிருக்கிறாராம் — "இவனுக்குத்தான் எல்லாத்துக்கும் அவசரம்!"