புளி போட்டுத் துலக்கிய வளையம்

அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. வக்கீல் ஒருவரின் மோட்டார் சைக்கிள், சீமைக் கம்பெனி முதன்முதலில் செய்து விற்றவற்றில் ஒன்று. என்ஜினுக்குள் சுழலும் இரும்புத் தண்டைத் தாங்கும் வெண்கல வளையம் தேய்ந்துவிட்டது. பிற்பாடு வந்த வண்டிகளின் வளையம் அதற்குச் சேராது. மந்தைவெளிப் பட்டறையில் நானே வார்த்து, மயிரிழை பிசகாமல் அராவி, ஆயுத பூஜைக்காகத் தண்டோடும் கருவிகளோடும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மனைவி அதைக் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளியும் செங்கல்பொடியும் போட்டு உள்ளும் புறமும் அழுத்தித் தேய்த்துவிட்டாள். தண்டில் மாட்டினால் லொடலொடவென்று ஆடியது.

கத்தினேன்.

“சாமிக்கு வெக்கிற சாமான் எண்ணெப் பிசுக்கா கீதேன்னு தேச்சேன். அது ஒரு தப்பா?” என்றாள்.

உடனே வேறு செய்யலாமென்றால் கருவிகளெல்லாம் பூஜையில். அன்று தொடக்கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் புதிதாக ஒன்று செய்தேன். கெட்டதை எறியவில்லை. இப்போதும் ஆயுத பூஜைக்கு அவள் துலக்க அதைத்தான் கொடுக்கிறேன். வருஷா வருஷம் அது குத்துவிளக்கைவிடப் பளபளக்கிறது. எனக்கும் வருஷா வருஷம் பற்றிக்கொண்டு வருகிறது.