வேலியோரத்துக் கறிவேப்பிலை

நினைத்தால் எனக்கு இன்னும் பதறுகிறது. பனவடலிசத்திரத்தில் ஞானபூரணத்தின் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. கணவர் போனபின் ஒற்றை ஆளாக நின்று எண்பது எலுமிச்சை மரங்களை வளர்த்தவள். வேலியோரம் நெடுகக் கறிவேப்பிலை நட்டு, அதையும் கட்டுக் கட்டாகச் சங்கரன்கோவில் சந்தைக்கு அனுப்புவாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் பெருமாள்சாமி அண்ணாச்சியின் தோட்டம். இரண்டு வருடத்துக்கு முன்பு அவருடைய எலுமிச்சை மரங்கள் மஞ்சளடித்து, காய் கோணலாகி, ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. "தண்ணி பாய்ச்சத் தெரியாதவரு தோட்டம் வச்சா இப்படித்தான்" என்று என் டீக்கடை முன்னால் நின்று பூரணம் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் நன்றாகவே சிரித்தேன். அண்ணாச்சி டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். போன ஆடியில் ஜேசிபி வைத்து மிச்ச மரங்களையும் பிடுங்கிவிட்டு, கடைப்பக்கம் வருவதையே விட்டுவிட்டார்.

இந்த வருடம் பூரணத்தின் மரங்களும் மஞ்சளடித்தன. தோட்டக்கலை அலுவலர் ஜெஸ்லின் வந்து பார்த்து, இலைகளை ஆய்வகத்துக்கு அனுப்பினார். முடிவோடு அவர் திரும்பி வந்த அன்று, துணைக்கு நானும் தோட்டத்தில் இருந்தேன்.

"அக்கா, இது சத்துக் குறைவு இல்ல. பாக்டீரியா. நோய் பிடிச்ச மரத்தக் காப்பாத்த மருந்து கிடையாது. வெட்டித்தான் ஆகணும்."

"எப்படிம்மா வந்துச்சு?" என்றாள் பூரணம்.

ஜெஸ்லின் கறிவேப்பிலைக் கொழுந்து ஒன்றை வளைத்துக் காட்டினார். எள்ளளவு பூச்சிகள் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. "இதுக கறிவேப்பிலையில பெருகி எலுமிச்சைக்குத் தாவும். சீக்கு மரத்துல சாறு குடிச்சிட்டு அடுத்த மரத்துல குத்தும்போது பாக்டீரியாவும் கூடவே போயிரும். ஆமா, மொதல்ல மஞ்சளடிச்சது எந்த மரம்?"

பூரணம் வேலி மூலையைக் காட்டினாள். "அந்தா நிக்கே, அது அஞ்சு வருசமாவே அப்படித்தான் இருக்கு. காய்க்கிற மரத்த எப்படி வெட்ட? உரம் போட்டு, பிள்ளை மாதிரிப் பாத்தேன்."

"அஞ்சு வருசமாவா?"

ஜெஸ்லின் வேலிக்கு அப்பால் கிடந்த வெறும் நிலத்தைப் பார்த்தார். "இங்கேருந்துதான் அங்க போயிருக்கும் போலக்கா."

மரங்களை வெட்டவேண்டும் என்று கேட்டபோதுகூட நின்றுகொண்டிருந்த பூரணம், இப்போது வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே அண்ணாச்சி வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டாள்.

"அண்ணாச்சி, எங்க தோட்டத்துப் பூச்சிதான் ஒங்க மரத்துக்குச் சீக்கக் கொண்டாந்திருக்கு. அது தெரியாம வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்."

பூரணத்தின் வாயையும் மிஞ்சப்போகிறார் என்று பயந்து நான் தெருப்பக்கம் ஒதுங்கி நின்றேன். அவர் அவளையே பார்த்தார்.

"அப்போ தண்ணி பாய்ச்சினதுல தப்பு இல்லையா தாயி?"

பதிலுக்குக்கூட அவர் நிற்கவில்லை. உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "ஏட்டி ஆறுமுகத்தாயி, இங்க வா! நம்ம மரத்த நான் கொல்லலையாம்ட்டி!"