அவருடைய பெயரில் என் நெஞ்சு

சட்டம் மாறிவிட்டதாம் என்று யாராவது சொன்னால் இப்போதும் செய்கிற வேலையை விட்டுவிட்டு நின்றுவிடுவேன். என்ன சட்டம், யாருக்கு, எப்போதிலிருந்து என்றெல்லாம் கேட்க மாட்டேன். முதலில் பயந்துவிடுவேன், மற்றதெல்லாம் பிறகுதான். பிரெடெரிசியா என்ற டேனிஷ் நகரத்தில் இருந்த அந்த வருடங்கள் பழக்கிவிட்ட பழக்கம் இது.

அகதி முகாமிலிருந்து வெளியே வந்த எங்கள் இருவருக்கும் கொமூன், அதாவது நகரசபை, ஒரு சின்ன வீடு தந்திருந்தது. மற்றவர் என்னைவிட மூத்தவர், யாழ்ப்பாணக் கரையோரத்துக் கத்தோலிக்கர். நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய மனைவியும் சின்ன மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். அவர்களை இங்கே எடுப்பிக்க விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார். காத்திருந்தார் என்று எழுதுவது லேசு. வேலைக்குப் போனார், சமைத்தார், சிகரெட் குடித்தார், ஆனால் மனுசன் உண்மையில் செய்தது அந்த ஒன்றைத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் நாலைந்து பேர் கூடி முந்நூற்றிநாலு விளையாடுவார்கள். சீட்டு கைக்கு வந்ததும் எல்லாரும் அப்புக்காத்துமார், பெரிய வக்கீல்கள். டேனிஷில் ஒரு வசனத்தை ஒழுங்காக வாசிக்கத் தெரியாதவர்தான், பாராளுமன்றத்தில் எந்தச் சட்டம் எப்போது இறுகப்போகிறது என்று அடித்துச் சொல்வார். குடும்பத்தைக் கூப்பிட்ட யாருக்கும் பதில் வராத காலம் அது. ஆகவே ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். கொமூன் காசில் இருக்கிறவனுக்கு வராது என்றார் ஒருவர். நோயாளி என்றால் வரவே வராது, புதுச் சட்டம் என்றார் இன்னொருவர்.

அந்த நேரம் பார்த்து அண்ணைக்கு அழைப்பு வந்தது. முகாமிலிருந்து வந்தவர்களுக்குச் சயரோகம் இருக்கிறதா என்று பார்ப்பது மாவட்டத்தின் பொறுப்பு. இங்கே அதை அம்ட் என்பார்கள். அரசு சட்டம் போடும், அம்ட் தன் ஆஸ்பத்திரியில் அதை நடத்தும். அந்த ஆஸ்பத்திரி இருந்த வைலேக்குப் போய் நெஞ்சை எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அண்ணையோ குளிர் தொடங்கியதிலிருந்து இருமிக்கொண்டே இருந்தார். சீட்டு மேசை உடனே தீர்ப்புச் சொன்னது: படத்தில் ஒரு புள்ளி தெரிந்தால் போதும், அம்ட் பொலிசுக்கு அறிவிக்கும், பொலிஸ் விண்ணப்பத்தைக் கிழித்துப் போடும்.

எனக்கு முகாமுக்கு வந்த புதிதிலேயே படம் எடுத்து, சுகதேகி என்று சொல்லிவிட்டார்கள். அது அண்ணைக்குத் தெரியும்.

"தம்பி, எனக்குப் பதிலா நீ ஒருக்காப் போட்டு வாறியே? இவங்களுக்கு எங்கடை முகமெல்லாம் ஒண்டுதான்."

மஞ்சள் மருத்துவ அட்டையில் பெயரும் இலக்கமும்தான் இருக்கும், படம் இருக்காது. போனேன். ரயிலில் அவருடைய பிறந்த தேதியைப் பாடமாக்கினேன். தாதி அவருடைய பெயரைக் கூப்பிட்டபோது சற்று நேரம் நான் எழும்பவே இல்லை. பிறகு குளிர்ந்த தகட்டில் நெஞ்சை ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்து சட்டையைப் போட்டேன். வந்த வேலை முடிந்தது என்று சந்தோசப்பட்டேன்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் அந்தத் தாதியே வந்து கதவைத் தட்டினார். அண்ணைதான் திறந்தார். தாதி அண்ணையைத் தாண்டி என்னைப் பார்த்து, அண்ணையின் பெயரைச் சொல்லிச் சிரித்தார். இவர்களுக்கு எங்கள் முகமெல்லாம் ஒன்று இல்லை என்பது அப்போது விளங்கியது. எனக்குப் புரியட்டும் என்று மெதுவாகத்தான் பேசினார். நுரையீரலில் நிழல் இருக்கிறது, நாளைக் காலையில் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், சில காலம் தங்க வேண்டியிருக்கும் என்றார். அண்ணை பக்கத்தில் நின்று இருமினார். கூட இருப்பவரையும் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தாதி போனார்.

கதவைச் சாத்தியதும் அண்ணை நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். தன் பெயரைச் சொன்னதால் நோய் தனக்குத்தான் என்று மனுசன் நினைத்துவிட்டார். பயத்தில் நானும் அப்படியே நினைத்து அவருக்காக இரங்கினேன். பிறகு அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. படத்தில் இருந்தது என் நெஞ்சு.

ஊரில் ஷெல் விழுந்தபோதுகூட ஓடுவதற்கு ஒரு பக்கம் இருந்தது. இங்கே எந்தப் பக்கமும் இல்லை. அவருடைய பெயரில் போய்ப் படுத்தால் அவருடைய மனைவியும் மகளும் வர முடியாது. என் பெயரைச் சொன்னால், கள்ளவேலை பார்த்ததற்கு இருவரையும் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். சும்மா இருந்தால் நான் செத்துப்போவேன். எனக்குச் சாகப் பயமாக இருந்தது. கொஞ்சநாள் பேசாமல் இரு என்று அண்ணை சொல்லிவிடுவாரோ என்று அதைவிடப் பயமாக இருந்தது. சொல்லியிருந்தால் இருந்திருப்பேன்.

அவர் அப்படிச் சொல்லவில்லை. சாப்பிடவும் இல்லை. காலையில் நான் எழும்பியபோது கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"வெளிக்கிடு. நானும் வாறன். இதை என்ரை வாயாலைதான் சொல்ல வேணும்."

வைலேயில் வைத்தியருக்கு முன்னால் நின்று தன் அரைகுறை டேனிஷில் சொன்னார்: பெயர் என்னுடையது, நெஞ்சு இவனுடையது. வைத்தியர் திரும்பவும் சொல்லச் சொல்லிக் கேட்டார். பெருமூச்சு விட்டார். இருவரையும் படம் எடுக்க அனுப்பினார். அண்ணையின் நெஞ்சு சுத்தம், இருமல் சிகரெட்டின் உபயம். சயரோகம் எனக்குத்தான், முகாமில் படம் எடுத்த பிறகு பிடித்ததாம். வைத்தியம் இலவசம், அது அம்ட்டின் கடமை, அதற்கும் பொலிசுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, சட்டமே அப்படித்தான் என்று வைத்தியர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். சட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் நாங்கள் இன்னும் பயந்தோம்.

ஆஸ்பத்திரியில் கிடந்து, பிறகு மாதக்கணக்கில் குளிசை விழுங்கினேன். முதல்முறை சிறுநீர் சிவப்பாகப் போனதைக் கண்டு, கதை முடிந்தது என்று அண்ணையின் மாதாவையும் எங்கள் முருகனையும் சேர்த்தே கூப்பிட்டேன். அது குளிசையின் நிறமாம். உடம்பு தேறியது. பொலிஸ் வரவில்லை. அண்ணையின் விண்ணப்பத்துக்குப் பதிலும் வரவில்லை.

ஒரு வருடம் போனது, பிறகு இன்னொன்று. பொலிசுக்குத் தெரிந்துவிட்டது, அதுதான் பதில் இல்லை என்று சீட்டு மேசையில் குசுகுசுத்தார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். லொட்ஜிலிருந்து மகள் தொலைபேசியில், எப்போது அப்பா கூப்பிடுவீர்கள் என்று கேட்கும்போது குசினிக்குள் போய்விடுவேன். அண்ணை ஒருநாளும் என்னிடம் முகம் சுளித்ததில்லை. ஆகவே அவருக்கு அந்த எண்ணம் இல்லை என்று சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டேன்.

ஒரு மாலை தொலைக்காட்சிச் செய்தியில் எங்களைப் பற்றிச் சொன்னார்கள். பிறகு தமிழர் வழக்கு என்று நாடே பேசிய விசயம். தமிழரின் குடும்ப விண்ணப்பங்களை மேலிடத்து உத்தரவில் மொத்தமாக ஒதுக்கி வைத்திருந்தார்களாம். சட்டம் மாறவே இல்லையாம், இருந்த சட்டத்தைத்தான் நடத்தவில்லையாம். என் டேனிஷ் அப்போது பரவாயில்லை. அண்ணைக்கு வசனம் வசனமாகச் சொன்னேன்.

"எல்லாற்றையுமோ?"

"ஓம் அண்ணை, எல்லாற்றையும்."

"திறந்துகூடப் பாக்கேல்லையோ?"

இல்லை என்றேன். அவருடைய மனைவியும் மகளும் வந்து இறங்க அதற்குப் பிறகும் ஒரு குளிர்காலம் போனது. அன்றைக்கு அதுவும் எங்களுக்குத் தெரியாது. மனுசன் இப்போது கத்தப்போகிறார், எதையாவது போட்டு உடைக்கப்போகிறார் என்று பயந்துகொண்டு நின்றேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"அப்ப உன்னாலை இல்லையடா தம்பி," என்று சொல்லிவிட்டு விக்கி விக்கி அழுதார்.

அத்தனை காலமும் என்னால்தான் என்று நம்பிக்கொண்டுதான் அவர் என்னோடு ஒரே சட்டியில் சாப்பிட்டிருக்கிறார்.