பரா அண்ணையும் நாலாகப் பிளந்த நாவலும்

பரா அண்ணை போய்விட்டார். இன்று காலை, லண்டனில், ஹவுன்ஸ்லோ வீட்டில். ஷிப்டுக்கு வெளிக்கிட்டு, சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம். ஹார்ட் அட்டாக்.

எனக்கு ஃபோன் எடுத்துச் சொன்னது அவருடைய தம்பி, எட்மண்டன் தயா அண்ணை. அவர் எடுத்ததுதான் எனக்குப் பெரிய விஷயம்... ஏன் என்று சொல்கிறேன்.

உங்களில் நிறையப் பேருக்குப் பரா அண்ணையை ஏர்போர்ட்டில் பெட்டி ஏற்றுகிறவராகத்தான் தெரியும். எனக்கு அவர் எங்கள் வாசகர் வட்டத்துக்காரர். வட்டம் என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள், நாலே பேர். சட்டனில் என் வீட்டு ஹால், மாதத்தில் ஒரு ஞாயிறு, டீ, மிக்சர், சண்டை.

ஆட்களைச் சேர்த்தது செல்வி. மலேசியாக்காரி, அக்கவுண்டன்ட். அண்ணன் தம்பி இரண்டு பேருமே வாசிக்கிறவர்கள் என்று கேள்விப்பட்டுச் சந்தோஷமாகக் கூப்பிட்டுவிட்டாள். அவர்களுக்குள் வருஷக்கணக்காகப் பேச்சுப் பறைச்சல் இல்லை என்பது பாவம், அவளுக்குத் தெரியாது.

ஊரில் அம்மா செத்த செய்தி முதலில் பரா அண்ணைக்குத்தான் வந்தது. தயா அண்ணைக்கு அப்போது விசா இல்லை, போகவும் முடியாது, தனியாக இருக்கிற பெடியன் தாங்கமாட்டான் என்று எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, முடிந்த பிறகுதான் சொன்னார். அதோடு முறிந்தது.

ஆனாலும் இரண்டு பேரும் வந்தார்கள். "அவர் வாறார் எண்டதுக்காக நான் ஏன் வராமல் நிக்கோணும்?" என்று என்னிடம் தனித்தனியாகக் கேட்டார்கள். ஒரே கேள்வி, ஒரே முறைப்பு.

நாங்கள் வாசிக்க எடுத்த அந்த நாவல்... தலையணை மொத்தம். ஊர் முழுக்க ஆட்கள். ஒருவர் கதை என்று நினைத்து வாசித்துக்கொண்டு போவோம், பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரரின் கதைக்குள் நிற்போம். சென்னையிலிருந்து வந்ததோ ஒரே ஒரு பிரதி.

"உதென்ன பெரிய விசயம்? பாரம் கூடின பெட்டியைப் பிரிக்கிறேல்லையோ?" என்று பரா அண்ணை என் குசினிக் கத்தியை எடுத்து, முதுகுப் பக்கமாக நாலாகப் பிளந்துவிட்டார். ஐயோ என்று நான் கத்தியது அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

ஆளுக்கொரு பாகம், மாதாமாதம் மாற்றுவது என்று ஏற்பாடு. முதல் பாகம் எனக்கு, இரண்டாவது செல்விக்கு, மூன்றாவது தயா அண்ணைக்கு. கடைசிப் பாகத்தைப் பரா அண்ணை தானாகவே எடுத்துக்கொண்டார்.

பிறகு அபிப்பிராயம் சொல்ல உட்கார்ந்தோம் பாருங்கள்... தபால்காரர்தான் முழுக் கதையும் என்றேன் நான். "யாருங்க அது? அப்படி ஒரு ஆளே இல்லையே லா" என்றாள் செல்வி. அவளுக்கு ஒரு நர்ஸ்தான் ஹீரோயின். என் தபால்காரர் முதல் பாகத்திலேயே செத்துவிட்டிருந்தார்.

"கண்டறியாத நாவல். பாதிப் பேரைத் தூக்கவேணும்" என்றார் தயா அண்ணை.

பரா அண்ணைக்கு வேறு கவலை. அந்த நாவலிலும் ஒரு அண்ணன் தம்பி. என் பாகத்தில், ஒரு கலியாண வீட்டில் சண்டை பிடித்துப் பிரிகிறார்கள். "என்ரையில ரெண்டு பேரும் ஒரே மேசையில இருந்து சாப்பிடுகினம். எப்பிடி ஒண்டானவை? ஆராவது சொல்லுங்கோ."

செல்வியின் பாகத்தில் இல்லை. அப்படியென்றால் மூன்றில்தான் இருக்கவேண்டும். அது தயா அண்ணையிடம்.

அவர் கொடுக்கவில்லை. அடுத்த மாதமும் கொடுக்கவில்லை. "இன்னும் முடியேல்லை" என்று என்னைப் பார்த்துச் சொல்வார். "சில பேர் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கினம் போல" என்று பரா அண்ணை மிக்சரைப் பார்த்துச் சொல்வார். நடுவில் நான். எனக்கு வந்த எரிச்சல்!

கடைசியில் நானே எட்மண்டன் போய் வாங்கி, ஹவுன்ஸ்லோவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். "தந்தவரோ?" என்று மட்டும் கேட்டார். என்னை உள்ளே வரச் சொல்லவும் மறந்து, வாசலில் நின்றே புரட்டத் தொடங்கிவிட்டார்.

அடுத்த ஞாயிறு வந்ததும் வராததுமாக மூன்றாம் பாகத்தை மேசையில் போட்டார். "உதுக்குள்ள ஒண்டுமில்லை! கோவத்தில நிக்கினம், பிறகு பார்த்தா சாப்பிடுகினம். நடுவில ஒரு வரியும் இல்லை. எழுதின மனுசனுக்கு விசரோ?"

தயா அண்ணை டீ கப்பைக் கீழே வைத்தார். முதல்முறையாக என்னைப் பார்க்காமல், நேரே அவரைப் பார்த்துச் சொன்னார்.

"ஓம் அண்ணை. நானும் திருப்பித் திருப்பித் தேடினனான். இல்லை."

அதற்குத்தான் அத்தனை மாதம் வைத்திருந்திருக்கிறார்.

"நீயுமோ?" என்றார் பரா அண்ணை.

பிறகு எல்லோரும் சாப்பிட்டோம். செல்வி நாசி லெமாக், அவர்கள் ஊர்த் தேங்காய்ப்பால் சோறு, கொண்டுவந்திருந்தாள். நெத்தலி பொரிந்தது காணாது என்று அண்ணன் சொல்ல, கருகிப்போச்சு என்று தம்பி சொல்ல, எனக்குத் தலையிடி. அன்றைக்கு வேறு என்ன கதைத்தோம் என்று ஞாபகமே இல்லை.

அதற்குப் பிறகு மூன்றாம் பாகத்தைக் கைமாற்ற என்னை யாரும் கேட்கவில்லை. லீவு நாளில் பரா அண்ணை எட்மண்டன் போய்விடுவார். எந்த நாவலைப் பற்றியும் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து இருந்ததில்லை, அது வேறு கதை.

இன்று காலை தயா அண்ணை ஃபோனில் சொன்னது இதுதான். "அண்ணை போயிட்டார். அண்ணி முதல் எனக்குத்தான் எடுத்துச் சொன்னவ. வேற ஆருக்கும் இன்னும் தெரியாது. நீங்கள் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கோ... இப்பவே. பிந்தக்கூடாது."

ஃபோனை வைத்துவிட்டு நன்றாக அழுதேன். அழுது முடித்த கையோடு இதை எழுதுகிறேன்.

சொல்லிவிட்டேன், தயா அண்ணை.

பரா அண்ணை, போயிட்டு வாங்கோ. கடைசிப் பாகம் உங்களிடமே இருக்கட்டும்.